ஓரிக்குளம் கண்மாயில் கொடுத்த குரல்

அன்று விடிகாலையில் ஓரிக்குளம் கண்மாய்க் கரையில் இருந்தவர்கள் இவர்கள்: குரல் வீட்டு முத்திருளப்பன், அவர் மகன் செந்தட்டி, கீழத்தெரு அந்தோணி மிக்கேல், பொதுநில வாரியத்து அதிகாரி தவமணி, ஒலி ஆராய்ச்சி செய்யும் நிலோபர், கண்மாய்க்குக் கீழே கடலை போட்டிருந்த பஞ்சவர்ணம். ஆறு பேர், மூன்று துப்பாக்கி, ஒரு பெட்டி. நானும் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னவர்கள் ஊரில் பாதிப் பேர் உண்டு. அவர்கள் யாரும் அங்கே இல்லை. அதிகாரி சொன்னபடி பள்ளிக்கூடத் திடலில் நின்று, தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டவர்கள்.

குரல் வீடு என்ற பெயர் சும்மா வந்ததல்ல. முத்திருளப்பனின் பாட்டனாருக்குப் பாட்டனார் ஒரு மாலை நேரம் இதே கண்மாய்க்குள் புதர் அசைவதைப் பார்த்துச் சுட்டார். புதருக்குள் இருந்தது விறகு ஒடிக்கப் போன அவருடைய உடன்பிறந்த தம்பி. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஊர் நடுவே இறக்கியவர், இனி இந்த வீட்டுத் துப்பாக்கி ஒரு குரல் கொடுக்காமல் வெடிக்காது என்று சொன்னார். அதிலிருந்து அந்த வீட்டு ஆண்கள் சுடுவதற்கு முன் அடிவயிற்றிலிருந்து "ஏய்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். மனிதனாக இருந்தால் பதில் சொல்லுவான். மிருகமாக இருந்தால் தலை தூக்கிப் பார்க்கும், ஓடவும் ஓடும். ஓடியது போகட்டும், நின்றது நம்முடையது என்பது அந்த வீட்டு வழக்கம்.

இதனால் அந்த வீடு கைநழுவ விட்ட வேட்டை ஏராளம். பெற்ற மரியாதையும் ஏராளம். அய்யனார் கோயில் பங்குனிப் பொங்கலில் முதல் பரிவட்டம் அந்தக் குரலுக்காகவே குரல் வீட்டுக்குக் கட்டப்பட்டு வந்தது. பிறகு வேட்டைக்குத் தடை வந்தது. துப்பாக்கி ஓய்ந்தது, குரல் ஓய்ந்தது, பரிவட்டமும் வேறு வீட்டுக்குப் போயிற்று. முத்திருளப்பன் ஒவ்வொரு பங்குனியும் கோயிலுக்குப் போய், முதுகு வளையாமல் நின்று, வேறொருவர் தலையில் அது கட்டப்படுவதைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சீமைப்பன்றி அந்தப் பக்கம் வந்தது பெரும்புயல் வருஷத்தில். கடலோரத்தில் மாடி மாடியாகக் கொட்டகை கட்டி வெள்ளைப் பன்றி வளர்த்தார்கள். புயலில் கொட்டகைகள் சரிந்தன. தப்பியவை கரைநெடுக ஓடிக் காட்டுப்பன்றியோடு கலந்தன. பண்ணைப்பன்றியின் பெருக்கமும் காட்டுப்பன்றியின் மூர்க்கமும் ஒன்றாகச் சேர்ந்த புது இனம் அது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டிக் கிடந்தது. அதுவும் ஒரு காலத்தில் மனிதர்கள் கொண்டுவந்து தூவியதுதான். பன்றி அங்கே குடியேறியது. கண்மாய் அரசாங்கத்துப் பொதுநிலம் என்பதால் யாரும் வேலி போட முடியாது. பகலெல்லாம் கண்மாய்க்குள் கிடந்துவிட்டு, இருட்டியதும் வயலுக்கு வரும். கடலையைக் கொடியோடு உழுது போட்டுவிட்டுப் போகும்.

பொதுநிலத்தில் சுட உள்ளூர் உரிமக்காரர்கள் கைதான் வேண்டும், முதல் வெடி அவர்களில் மூத்தவருடையது என்று வாரியம் விதி வைத்திருந்தது. ஆகவே ஊராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டு முத்திருளப்பனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நிலோபர் சோற்றுப்பானை அளவில் ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"இந்தப் பன்னிக் கூட்டத்துக்குத் தலைமை ஒரு தாய்ப்பன்னி அய்யா. அது கழுத்துல பட்டை மாட்டிவிட்டு ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்கக் கேட்டோம். எப்ப எந்தச் சத்தம் போடுது, எதுக்குப் போடுதுன்னு இந்தப் பெட்டி படிச்சிருச்சு. இப்ப அது குரல்லயே இது பேசும்."

"பேசுமா?" என்றார் அந்தோணி மிக்கேல். "ஆதார் இருந்தா ரேசன் குடுத்துருவாக."

கூடம் சிரித்தது. நிலோபர் சிரிக்காமல் பெட்டியைத் தொட்டாள். தாழ்ந்த குரலில், அடுக்கடுக்காக, குழைவாக ஓர் உறுமல் வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி தன்னையறியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இது என்ன சொல்லுது?" என்று கேட்டார் முத்திருளப்பன்.

"வா, குடி. அவ்வளவுதான் அய்யா. பொறந்த அன்னைக்கே குட்டிக்கு இந்தக் குரல் தெரியும். சின்னது முதல்ல ஓடிவரும், அது பின்னாலயே பெருசும் வரும். இந்தக் கூட்டத்துல பாதி அது பெத்ததுதான்."

"தாய் எங்க இருக்கும் அப்ப?"

இதற்கு அதிகாரி தவமணி பதில் சொன்னார். "முந்தின நாளே அதைப் பிடிச்சு நம்ம கொட்டடியில அடைச்சிருவோம் அய்யா. வெளிய இருந்தா காரியம் கெட்டுரும். குட்டிகளும் ஒரு ராத்திரி பசிச்சுக் கெடந்தா..." அவர் மேஜை விரிப்பின் நுனியைச் சரிசெய்தார். "சீக்கிரம் வரும்."

"பால் குடிக்கக் கூப்பிட்டுச் சுடுறதா?"

நிலோபர்தான் நிமிர்ந்து பார்த்தாள். "வேற வழி அவுட்டுக்காய் அய்யா. பழத்துக்குள்ள வெடிய வச்சுப் போடுறாங்க. கடிச்சதும் தாடை போயிரும், உசுரு போகாது. தண்ணி குடிக்க முடியாமக் கரையிலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். அந்தச் சத்தத்தையும் நான் பதிஞ்சு வச்சிருக்கேன். போடவா?"

"வேண்டாம்."

"இதுல பயம் இல்ல. எல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்கும். வயித்துப் பசியோட, தாய் கிட்டப் போறோம்னு நெனச்சுக்கிட்டே போயிரும். நல்லதுன்னு சொல்லல. உள்ளதுல கொறஞ்ச பாவம்னு சொல்றேன்."

முத்திருளப்பன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். "எங்க வீட்டுத் துப்பாக்கி வேணும்னா நான் குரல் குடுப்பேன். அதுல மாத்தமில்ல."

"குடுத்தா எல்லாம் ஓடிரும் அய்யா," என்றார் தவமணி. "இந்தப் பெட்டிக்கு ஒரு தடவைதான் ஏமாறும். அடுத்த தடவ வராது."

அப்போது பஞ்சவர்ணம் எழுந்தாள். பன்றி குத்தி அவள் புருஷனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"மாமா, உங்க வீட்டுக் குரல் பெரிய குரல்தான். எம்புருசன் அன்னைக்கு வயக்காட்டுல விழுந்து கெடந்து கத்துனதும் பெரிய குரல்தான், ஊருக்கே கேட்டுச்சு. ஒரு துப்பாக்கியும் வரல. இந்த வருசக் கடலையும் போச்சுன்னா புள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் போயிருவேன். நான் மட்டுமில்ல, இந்தா உக்காந்திருக்காகளே, எல்லாருந்தேன். அப்பறம் நீங்க யாருக்குக் குரல் குடுப்பீக?"

முத்திருளப்பனின் முகம் சிவந்தது. இந்த மாதிரி அவரிடம் அந்த ஊரில் யாரும் பேசியதில்லை. அவள் சொன்னதில் பிழையும் இல்லை. பக்கத்திலிருந்த கோயில் தர்மகர்த்தா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "காரியம் முடியட்டும். பங்குனிக்குப் பரிவட்டம் உங்க வீட்டுக்குத்தான். அதுதான மொறையும்."

முத்திருளப்பன் சற்று நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"குரல் குடுக்காமச் சுடக் கூடாதுங்கிறதுதான் எங்க வீட்டு வழக்கம். அது யாரு குரல்னு வழக்கத்துல இல்ல. பெட்டி குடுக்குதுல்ல? அது போதும்."

கூடம் மூச்சு விட்டது. சிலர் கைதட்டினார்கள். அந்தோணி மிக்கேல் பல் குத்திக்கொண்டே, வழக்கமான கிண்டலில், "அண்ணே, உங்க வீட்டுக் குரல் ஓடுங்கன்னுல்ல சொல்லும்? இது வாங்கன்னு சொல்லுதே" என்றார். முத்திருளப்பன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மிக்கேல் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு நடக்கும்போது முத்திருளப்பனுக்குத் தன் பதிலின் சாமர்த்தியம் பிடித்திருந்தது. பின்னாளில் அவரை அதிகம் வருத்தியது அது அப்படிப் பிடித்திருந்ததுதான்.

குறித்த நாளில் பனி இறங்கியிருந்தது. கண்மாயின் உள்வாயில் கருவேலம் வெட்டி ஒரு களம் அளவுக்கு வெளியாக்கியிருந்தார்கள். நடுவில் பெட்டி. உபரித் தண்ணீர் வழியும் கலுங்கடியில் செந்தட்டி, வடகோடியில் மிக்கேல், மடையின் கல்மேல் முத்திருளப்பன். நிலோபரும் தவமணியும் கரைக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நிலோபர் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள், பெட்டியின் குரல் தவிர வேறெதுவும் அவளுக்குக் கேட்காது. பஞ்சவர்ணம் கொஞ்சம் தள்ளி ஒரு பனையில் சாய்ந்து நின்றாள். முதல் வெடி முத்திருளப்பனுடையது, அதுவரை மற்ற இருவரும் சுடக் கூடாது என்பது ஏற்பாடு.

பெட்டி கூப்பிட்டது. வா, குடி. வா, குடி.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கருவேலத்துக்குள்ளிருந்து ஒரு குட்டி வந்தது. வெள்ளையில் செம்பழுப்புக் கோடு போட்டது. பின்னால் இன்னொன்று, பின்னால் ஒரு கும்பல். ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டியை மூக்கால் முட்டின, சுற்றிச் சுற்றி மடியைத் தேடின. பெரியவை ஓரத்தில் தயங்கி நின்று, பிறகு அவையும் இறங்கி வந்தன. அவ்வளவும் வெளியில். முத்திருளப்பன் துப்பாக்கியை ஏந்தினார்.

அவருடைய வயிறு தானாக இறுகியது. தகப்பனார் கற்றுக்கொடுத்து, உடம்பில் ஊறிப்போன இறுக்கம் அது. குரல் அங்கே திரண்டு, நெஞ்சு வரை வந்து நின்றது. அவர் அதை அடக்கிக்கொண்டார். கொடுத்தாச்சு, பெட்டி கொடுத்துவிட்டது என்று தனக்குள் சொன்னார்.

அப்போது அவருக்கு நேர் கீழே, மடைக் கால்வாயின் நாணலைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரும் பன்றி வந்தது. கழுத்தில் பட்டை இருந்து தேய்ந்த வளையம். நெற்றி கிழிந்து ரத்தம் ஒழுகியது. கொட்டடியின் கம்பியை முட்டிப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. தன் குரலில் வேறெதுவோ தன் குட்டிகளைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறது. மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து கால்வாய் தெரியாது. அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது.

அது அவரைப் பார்த்தது. துப்பாக்கியைப் பார்த்தது. பிறகு களத்தின் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. ஒற்றைக் குரல். முரட்டுத்தனமாக, கட்டையாக, கண்மாய் முழுக்கக் கேட்கும்படி.

குட்டிகள் தலை தூக்கின. ஒரு குட்டி ஓடக் காலெடுத்தும்விட்டது. அந்த நேரத்தில் பெட்டி மறுபடியும் கூப்பிட்டது. வா, குடி. இரண்டும் தாயின் குரல். ஒன்று ஓடச் சொன்னது, ஒன்று வரச் சொன்னது. குட்டிகள் நாணல் பக்கமும் பெட்டிப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தன. ஒரு ராத்திரிப் பசி. அவை பெட்டியிடம் திரும்பின.

முத்திருளப்பன் சுட்டார். மற்ற இரண்டு துப்பாக்கிகளும் உடனே தொடர்ந்தன. நிலோபர் சொன்னபடி எல்லாம் ஒரே இடத்தில் நின்றன, அதிக நேரம் ஆகவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகும் பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டியவள் கரைக்கு அந்தப் பக்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பஞ்சவர்ணம்தான் இறங்கிப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிடந்தவற்றுக்கு நடுவே கால் வைத்து நடந்து, பெட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டாள். திரும்பி வந்தவள் முத்திருளப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை.

செந்தட்டி ஓடிவந்தான். கல்யாண வீட்டில்கூட அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

"அப்பா, கடைசியில குடுத்துட்டீகளே. குடுக்க மாட்டீகளோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. ஒங்க குரலைக் கேட்டப்பறம்தான் எனக்குக் கையே நின்னுச்சு."

அவர் துப்பாக்கியை மடித்து, வெற்றுத் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "புதைக்கிறதுக்குச் சுண்ணாம்பு வண்டி வந்துருச்சான்னு பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வருஷம் ஓரிக்குளத்தில் கடலை வீட்டுக்கு வந்தது. பஞ்சவர்ணம் திருப்பூர் போகவில்லை. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. செந்தட்டி சொன்னதையும் திடலில் நின்றவர்கள் கேட்டதையும் சேர்த்து ஊர் ஒரு கதை கட்டியது. குரல் வீட்டுக்காரர் கடைசி நொடியில் குரல் கொடுத்தார், கொடுத்தும் பன்றி ஓடவில்லை, நின்றது அவருடையதாயிற்று. தாய்ப்பன்றி தப்பி வந்து செத்துக் கிடந்தது பற்றிக் கேட்டால், அது குட்டிகளோடு சேர வந்தது என்றார்கள். முத்திருளப்பன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போனார். பெரியவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்றார்கள்.

மாசி கடைசியில் நிலோபர் வந்தாள். ஆள் கறுத்து மெலிந்திருந்தாள். காப்பியை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

"அய்யா, பெட்டி அன்னைக்கு நடந்ததையெல்லாம் பதிஞ்சிருக்கு. நீங்க குடுத்த குரல்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். போன வாரம் பிரிச்சுப் பாத்தேன்." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அது உங்க குரல் இல்ல."

"தெரியும் தாயி."

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லணும்னும் வரல. வேற ஒண்ணுக்கு வந்தேன்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இங்க நடந்தப்பறம் எல்லாக் கண்மாய்க்கும் பெட்டி போயிருச்சு. சில ஊர்ல வேட்டைக்காரங்க மறுத்தாங்க. குரல் வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாருன்னு சொன்னதும் வாய மூடிக்கிட்டாங்க. ஆனா இங்க மாதிரி அங்க முழுசா முடியல. கொஞ்சம் தப்பிச்சு ஓடுது. ஓடினது கத்துக்கிடுது."

"என்னத்தை?"

"அந்தக் குரலுக்குப் போகக் கூடாதுன்னு. இப்ப அங்க நெசத் தாய் கூப்பிட்டாலும் குட்டி வரமாட்டேங்குது அய்யா. தாய் படுத்து, மடியைக் காட்டி, கூப்பிட்டுக்கிட்டே கெடக்கு. குட்டி தூரமா நின்னு நடுங்குது. பக்கத்துல போனா ஓடுது. மடியில பால் கட்டிக்கிட்டுத் தாய் சாகுது. பசியில குட்டி சாகுது. வாரியத்துல சந்தோசப்படுறாங்க. துப்பாக்கிச் செலவு மிச்சமாம்."

வாசலில் யாரோ ஒரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை "வாறேன்" என்று எங்கிருந்தோ கத்தியது.

"அதை நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

"பெட்டியை நிறுத்தலாம். அதுக கத்துக்கிட்டதை நிறுத்த முடியாது."

அவள் போன பிறகு அவர் மகனைக் கூப்பிடவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். செந்தட்டி காரணம் கேட்டான். "வயசாச்சு" என்றார். அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பங்குனிப் பொங்கலன்று கோயில் நிரம்பியிருந்தது. தர்மகர்த்தா பரிவட்டத்தைத் தட்டில் ஏந்தி முத்திருளப்பனுக்கு முன்னால் வந்து நின்றார். செந்தட்டி புது வேட்டி கட்டி அவர் பின்னால் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எத்தனையோ வருஷம் வேறு தலைகளில் அவர் பார்த்து நின்ற துணி அது. அவர் தலை குனியவில்லை.

"இது எங்க வீட்டுக்கு இல்ல," என்றார். கூட்டம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். "நான் குரல் குடுக்கல. குடுத்தது அந்தப் பன்னி. குடுத்தபெறகும் நான் சுட்டேன்."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தர்மகர்த்தா நெகிழ்ந்த குரலில், "பாத்தீகளா, எம்புட்டு அடக்கம்னு. பெருமையை ஒரு பன்னிக்குக் குடுக்குறாரு" என்றார். குலவைச் சத்தம் எழுந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள், தலையில் வைக்கப் பார்த்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். செந்தட்டி ஒருவனுக்கு மட்டும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். அவன் பின்னால் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

முத்திருளப்பன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஓரிக்குளத்தில் இன்று கதையை மாற்றிச் சொல்கிறார்கள்: கண்மாயில் அன்றைக்குக் குரல் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார், அதைக் கேட்டுத்தான் தாய்ப்பன்றி தப்பித்து ஓடியது, இப்போதும் மழைக்காலத்தில் கருவேலத்துக்குள் அதன் உறுமல் கேட்கிறது என்று. அது பொய். குரல் கொடுத்தது தாய்ப்பன்றி. அது ஓடவில்லை. முத்திருளப்பனின் முதல் வெடி அதற்குத்தான்.